உன் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன

பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. இந்த நான்கையும் ஒரு தபால் அட்டையில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால், சில வாரங்கள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தில், 'பேனா நண்பர்கள்' பகுதியில் அச்சாகி வரும். ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு இது நினைவிருக்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் ஒன்றையேதான் எழுதுவோம்: தபால்தலை சேகரித்தல், பேனா நட்பு. ஒரு தபால்தலைகூடச் சேர்த்து வைக்காதவர்களும் அதையேதான் எழுதினோம்.

1986-இல் என் பெயரும் அப்படி வந்தது. அப்போது எனக்கு 15 வயது, மூன்றாம் படிவம். முகவரி: மேற்குத் தோட்டம், கேரித் தீவு. ஒரு மாதம் வரை ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் நீல நிற வான்கடிதம் ஒன்று வந்தது. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் வயதுப் பெண் எழுதியிருந்தாள். அவளுடைய சித்தப்பா கிள்ளானில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பெட்டிக்குள் மைலோ டின்னைச் சுற்றி வைத்திருந்த செய்தித்தாளில் என் பெயரைப் பார்த்தாளாம். "தீவு என்று போட்டிருக்கிறதே, உங்கள் வீட்டு வாசலிலேயே கடல் இருக்குமா?" இதுதான் அவளுடைய முதல் கேள்வி.

பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், நான் ஒரு தீவில் வாழ்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

கேரித் தீவு என்றால் இன்று பலருக்கு ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிடப் போகும் இடம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில், தெலுக் பங்லிமா காராங் பக்கம் திரும்பி, லங்காட் ஆற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய தீவு அது. அந்தத் துரைக்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள் மா மெரி பூர்வகுடி மக்கள். மரத்தில் முகமூடி செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். ஆண்டுதோறும் முன்னோர்களுக்குப் படையல் வைத்து 'ஹரி மோயாங்' கொண்டாடுவார்கள். எங்கள் லயத்து வாசலில் கடல் இல்லை. கடல்நீர் தோட்டத்துக்குள் ஏறிவிடாமல் தடுக்கும் மண்கரை வரை நடந்து போனால்தான் தண்ணீரைப் பார்க்கலாம். இதையெல்லாம் எழுதினேன். எழுதுவதற்காகவே அந்தக் கரைக்கு ஒரு மாலை தம்பியோடு போய் வந்தேன்.

நாங்கள் இருவரும் எழுதியது தமிழ்தான். ஆனாலும் பாதி புரியவில்லை. "பசியாறிவிட்டு பள்ளிக்குப் போவேன்" என்று எழுதியிருந்தேன். "பசி ஆறிய பிறகு போவதென்றால், சாப்பிடாமல் போவாயா?" என்று கேட்டாள். "அப்பாவுக்கு மாதம் முந்நூறு வெள்ளி வரும்" என்று எழுதியதற்கு, அவ்வளவு வெள்ளியை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவீர்கள் என்று கேட்டிருந்தாள். அவள் நினைத்தது நகை செய்கிற வெள்ளி. பெரட்டு என்றால் என்ன, லயம் என்றால் என்ன, செம்பனைக்கும் பனைக்கும் என்ன வித்தியாசம், நுங்கு கிடைக்குமா என்று வரிசையாகக் கேள்விகள்.

அவள் எழுதியதில் எனக்குப் புரியாதவையும் இருந்தன. பகலில் வரும் மின்சாரம் போதாமல், இரவில் மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம் பார்த்து அவளுடைய அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவாராம். துணைக்கு அவள் அரிக்கன் விளக்கோடு போய், வரப்பில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போடுவாளாம். பள்ளிக்கூடத்திலேயே சிறு பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடுவார்கள் என்று எழுதியிருந்தாள். எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அது. சினிமாவில் பார்த்த எம்.ஜி.ஆர். பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார் என்பது எனக்குப் பெரிய செய்தி. லயத்தில் நான்கு வீட்டில் போய்ச் சொன்னேன்.

அவளுக்குப் பதில் எழுதுவதற்காக நான் வீட்டில் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறார் என்பது தெரியும். நான்கு மணியிலிருந்து பெரட்டுக்கு ஓடும் வரை என்னென்ன செய்கிறார் என்பதைப் பாயில் படுத்தபடி ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதினோரு வேலை. அதற்குப் பிறகுதான் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. அப்பா குலை வெட்டுபவர். நீண்ட கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுவதும் வெட்ட வேண்டும். ஒரு குலை இருபது கிலோவுக்குக் குறையாது. "வெட்டிய பழத்தை ஏன் அன்றைக்கே ஆலைக்கு அனுப்புகிறார்கள்? எங்கள் கடலைக்காய் மாதிரி காயவைத்து வைத்துக்கொள்ள முடியாதா?" என்று அவள் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். "அடிபட்ட பழம் கிடந்தா புளிப்பு ஏறிடும் பாப்பா, எண்ணெய் கெட்டுப்போகும். ஒரு நாளுக்குள்ள ஆலைக்குப் போயிடணும்" என்றார். அப்பாவிடம் அவருடைய வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு வெளியூரிலிருந்து கடிதம் வருகிறது என்பது லயத்தில் சின்ன விஷயம் இல்லை. பெண் பெயரில் ஆண் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்டவர்கள் உண்டு. முதல் மூன்று கடிதங்களையும் அப்பா அவரே பிரித்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். எனக்கு அழுகையாக வரும். மூன்றாவது கடிதத்தின் கடைசியில் அவள் எழுதியிருந்தாள்: "உன் அப்பாவுக்கு முதுகுவலி இப்போது தேவலையா? வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கச் சொல்." அப்பா படிப்பதை நிறுத்தினார். முதுகு வலிக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரவில் அவர் புரண்டு படுப்பதைப் பார்த்து நான்தான் எழுதியிருந்தேன். கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். நான்காவது கடிதம் பிரிக்காமலேயே என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான்.

மொத்தம் 19 கடிதங்கள். 1988-இல் கடைசிக் கடிதம். பன்னிரண்டாம் வகுப்பு எழுதப் போகிறேன், மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், போகிற வீட்டில் கடிதம் வந்தால் என்ன சொல்வார்களோ தெரியாது, ஆகவே நீ இனி எழுதாதே, நான் எழுதுகிறேன் என்று முடித்திருந்தாள். பிறகு எழுதவில்லை. நானும் ஐந்தாம் படிவம் முடித்து, வேலை கிடைத்து, கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த 19 கடிதங்களும் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒரே மூச்சில் படித்தேன். படித்து முடித்ததும்தான் ஒன்று தோன்றியது. இதில் இருப்பதெல்லாம் அவளுடைய வாழ்க்கை. கிணறு, கடலைக்காடு, அரிக்கன் விளக்கு, கணக்கில் வாங்கிய மதிப்பெண், தங்கையோடு போட்ட சண்டை. என் வாழ்க்கை இதில் இல்லை. அது நான் எழுதி அனுப்பிய கடிதங்களில், அவளிடம் இருக்கிறது. அம்மாவின் பதினோரு வேலைகள் என்னென்ன என்று இப்போது எனக்கு ஏழுதான் நினைவுக்கு வருகின்றன. மீதி நான்கு நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். அடுப்பில் போயிருக்கவும் கூடும். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, நாங்கள் இருந்த லயமும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் நம்மிடம் நிறைய உண்டு. 1928 கோடையில் முசூரியில் இருந்த 10 வயது மகள் இந்திராவுக்கு நேரு எழுதிய கடிதங்கள் மறு ஆண்டே புத்தகமாக வந்துவிட்டன. மு. வரதராசனின் 'தங்கைக்கு' என்ற கடித நூலைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கேயும் உண்டு. உலகம் எப்படித் தோன்றியது, பெண் எப்படி வாழ வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லித் தந்தன. நல்ல நூல்கள்தான். ஆனால் மகளும் தங்கையும் எழுதிய கடிதங்கள் எங்கே? காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், யாரோடு கோபித்துக்கொண்டாள், எதற்குப் பயந்தாள்? அவற்றை அச்சில் பார்ப்பது அரிது. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1950களில் நடத்திய மாணவர் மணிமன்றம் மலாயா, சிங்கப்பூர் மாணவர்களுக்கு எழுத இடம் கொடுத்தது. அங்கே எழுதத் தொடங்கியவர்களில் சிலர் பின்னாளில் எழுத்தாளர்கள் ஆனார்கள். அதற்கு வெளியே, வீட்டுக்கு வீடு எழுதப்பட்ட கடிதங்கள் டின்னிலும் பரணிலும் கிடந்து கரையானுக்குப் போயின.

பாதுகாக்கப்பட்ட ஒரு கடிதத்தின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேன்வில் என்றொரு சிற்றூர். அங்கே பர்டி மேத்யூஸ் என்ற ஆசிரியை தம் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பேனா நண்பர்களைத் தேடிக் கொடுத்தார். ஜுவானிட்டா வாக்னர் என்ற மாணவிக்கு வாய்த்த தோழி ஆம்ஸ்டர்டாமில் இருந்த 10 வயதுச் சிறுமி. 1940 ஏப்ரல் 29 தேதியிட்ட கடிதத்தில் அந்தச் சிறுமி தன் பள்ளியைப் பற்றியும் தான் சேர்க்கும் பட அஞ்சலட்டைகளைப் பற்றியும் எழுதி, ஓர் அஞ்சலட்டையும் தன் சிறிய புகைப்படமும் வைத்து அனுப்பினாள். போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மே 10-ஆம் தேதி ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. ஜுவானிட்டா எழுதிய பதிலுக்கு மறுகடிதம் வரவில்லை. சிறுமியின் பெயர் ஆன் ஃபிராங்க்.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 13-ஆம் பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பை அவள் 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்கு எழுதும் கடிதங்களாகவே எழுதினாள். ஒளிந்திருந்த இரண்டு ஆண்டுகளில் உருளைக்கிழங்கு உரித்தது, அம்மாவோடு மனத்தாங்கல், சன்னல் வழியாகப் பார்த்த வானம் எல்லாம் கிட்டிக்குப் போயின. 15 வயதில், 1945 தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனாள். போர் முடிந்த பிறகு ஜுவானிட்டாவின் அக்காள் பெட்டி விசாரித்து எழுதிய கடிதத்துக்கு ஆனின் அப்பா ஆட்டோ ஃபிராங்க் பதில் எழுதினார். அப்போதுதான் இரண்டு சகோதரிகளுக்கும் நடந்தது தெரிந்தது. அவர்கள் அந்தக் கடிதத்தைத் தூக்கி எறியவில்லை. 1988-இல் அது ஏலத்துக்கு வந்தபோது, ஆனின் அக்காள் மார்கோட் எழுதிய கடிதத்தோடு சேர்த்து 165,000 டாலருக்கு விலைபோனது. ஆன் ஃபிராங்க் அளவுக்கு யாரும் நம் வீட்டுப் பெண்ணைத் தேடி வரப்போவதில்லைதான். ஆனால் ஒரு சிறுமியின் சாதாரண நாள் பிழைத்திருக்க வேண்டுமானால், அதைப் பெற்றுக்கொண்டவள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

என் அண்ணன் குடும்பம் இன்னும் தீவில்தான் இருக்கிறது. அவர் மகளுக்கு வயது 14. கைப்பேசியில் அவளுக்கு முந்நூறு, நானூறு பேர் பழக்கம். பிஸ்கட் டின்னைக் காட்டி, நீயும் இப்படி யாருக்காவது எழுதேன் என்றேன். "எழுத என்னத்த இருக்கு அத்தை? இங்க ஒண்ணுமே நடக்காதே" என்றாள். நானும் 1986-இல் அப்படித்தான் நினைத்தேன்.

முந்நூறு பேருக்குக் காட்டுகிற படத்தில் நன்றாக இருக்கிறதை மட்டும்தான் வைப்போம். அதில் தப்பில்லை. பார்க்கிறவர்களும் பெரும்பாலும் நம்மைப் போலவே வாழ்கிறவர்கள். பெரட்டு என்றால் என்ன என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்க ஒருத்தி இருந்தால்தான் நாம் பார்க்க ஆரம்பிப்போம். தீவில் ஒன்றும் நடக்கவில்லையா? எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குக் கூடு வைத்து வளர்க்கிறார்கள். அவளுடைய தாத்தா வெட்டிய குலைகளை இன்று வெட்டுகிறவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்திங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பழைய தோட்டக் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. பெரிய துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சு 2017-இலிருந்து எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வந்தால் அவளுடைய தெரு எங்கே இருக்கும்? இதைக் கேட்டு எழுத அங்கே 14 வயதுப் பெண் ஒருத்தி போதும்.

பெற்றோர் பயப்படுவார்கள், நியாயம்தான். என் அப்பா பயந்ததைவிட இன்று பயப்படக் காரணம் அதிகம். அன்று பத்திரிகையில் பெயரும் வயதும் வீட்டு முகவரியும் அப்படியே அச்சானது. இன்று அப்படிச் செய்யவே கூடாது. இணையத்தில் சிறுமி போலப் பேசிப் பழகுகிறவர் யார் என்று தெரியாது. குழந்தைகளைத் தவறான நோக்கத்தோடு பேசிப் பழக்குவதையே குற்றமாக்கி நம் நாட்டில் 2017-இல் தனிச் சட்டம் வந்ததும் அதனால்தான். அதற்காகக் கதவை மூடிவிடத் தேவையில்லை. டேன்வில் ஆசிரியை காட்டிய வழி இருக்கிறது. இங்குள்ள ஒரு பள்ளியும், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள ஒரு பள்ளியும் பேசி, ஆசிரியர்கள் மூலமாகப் பிள்ளைகளை இணைக்கலாம். கடிதம் பள்ளி முகவரிக்குப் போகட்டும், பள்ளி முகவரிக்கே வரட்டும். எதிர்ப்பக்கம் இருப்பது யார் என்று இரண்டு ஆசிரியர்களுக்கும் தெரியும். யார் எழுதுகிறார்கள் என்பதைப் பெற்றோர் உறுதிசெய்துகொள்ளுங்கள். என்ன எழுதுகிறார்கள் என்பதை, என் அப்பாவைப் போல, நான்காவது கடிதத்திலிருந்தாவது பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

எங்கள் காலத்தில் பின்லாந்தின் துர்க்கு நகரிலிருந்து இயங்கிய அனைத்துலக இளைஞர் சேவை என்ற அமைப்பு, படிவம் நிரப்பி அனுப்பினால் வெளிநாட்டு நண்பர்களின் முகவரி தந்தது. 1952-இல் தொடங்கிய அது 2008-இல் மூடப்பட்டது. ஆனால் அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் 1971-இலிருந்து இளையோருக்கு நடத்திவரும் கடிதம் எழுதும் போட்டி இன்னும் நடக்கிறது. 9 முதல் 15 வயது வரை எழுதலாம். பழகிக்கொள்ள அது ஒரு நல்ல இடம். எழுதி அனுப்புவதற்கு முன்பு கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு அந்த வசதி இருந்திருந்தால் மீதி நான்கு வேலைகளும் தெரிந்திருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டின்னில், யாரோ ஒரு பெண் சிறுவயதில் எழுதிய கடிதங்கள் இருக்கக்கூடும். உங்கள் பேனா நண்பர், கல்யாணமாகிப் போன அக்காள், ஊரிலிருந்து எழுதிய அத்தை மகள், யாராக இருந்தாலும் சரி. எறிந்துவிடாதீர்கள். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கே அனுப்பிவையுங்கள். அதில் இருப்பது அவருடைய 15 வயது. அவரிடம் அதற்கு வேறு படி இருக்காது.

அந்த 19 கடிதங்களையும் நகலெடுத்து, மூலக் கடிதங்களை 1988-ஆம் ஆண்டு முகவரிக்கு, அவளுடைய அப்பா பெயருக்கு, பதிவுத் தபாலில் போன வாரம் அனுப்பியிருக்கிறேன். இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மேலே ஒரு தாளில் இரண்டு வரி மட்டும் எழுதினேன். "உன் கடிதங்கள் என்னிடம் இருந்தன, இதோ அனுப்பியிருக்கிறேன். என்னுடையவை உன்னிடம் இருந்தால், அம்மாவைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டுமாவது அனுப்பு."

தபாலகத்திலிருந்து திரும்பி வரும்போது அண்ணன் மகள் போனில் கேட்டாள். "அத்தை, ஆந்தைக் கூட்டில் எத்தனை குஞ்சு இருக்கும்னு யாரைக் கேட்கலாம்?" அப்பாவைக் கேள் என்றேன்.